எல் போர்டு காரில் ஊர் திரும்பியவர்

பள்ளி விளையாட்டு விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மனைவி மூன்றாம் வகுப்பு எடுக்கும் பள்ளிதான். மாலையைப் போட்டு மைக்கைக் கையில் கொடுத்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். கையை ஆட்டி, நடுவில் நிறுத்தி, ஓரிடத்தில் தானே சிரித்து, கணீரென்று பேசினார். ஆனால் அங்கே இருந்த ஒருவருக்கும் ஒரு சொல்கூட விளங்கவில்லை. அவர் பேசியது கடலுக்கு அந்தப்பக்கம், முன்பு கால்பந்து ஆடப் போயிருந்த நாட்டின் மொழி.

முதலில் பிள்ளைகள் ஏதோ வேடிக்கை என்று கைதட்டினார்கள். தலைமையாசிரியர் அசட்டுச் சிரிப்போடு மேடையிலேயே நெளிந்தார். பெற்றோர் வரிசையில் யாரோ சத்தமாகவே சொன்னார்கள்:

"பாத்தியா, நாலு வருஷம் வெளிநாட்டுல இருந்தா தாய்மொழி மறந்துபோகுது. மண்டைக்கு மண்டைக்கனம்."

டீச்சரான அவர் மனைவிக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகிப்போனது. மெல்லப் போய் அவர் சட்டை நுனியை இழுத்தாள். "ஏங்க, போதும். நம்ம பாஷையில பேசுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒரு பெரிய மனுஷியைப் பார்த்ததுபோல் மரியாதையாக லேசாகக் குனிந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பொரிந்து தள்ளினாள். "என்ன விளையாட்டு இது? நாளைக்கு நான் ஸ்டாஃப் ரூமுல தலைகாட்ட வேணாமா?"

"ஏன் டீச்சர்? நல்லாத்தானே பேசினேன்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபமானாலும் டீச்சர், கொஞ்சலானாலும் டீச்சர். அந்தக் குரலில் பொய் இருந்தால் அவளுக்குத் தெரியும். அன்று இல்லை.

மண்டை என்ற பேர் அவருக்கு ஆலை அணிக்கு ஆடிய காலத்தில் வந்தது. காலால் அடிப்பதைவிடத் தலையால் அடிப்பது வேகமாக வரும் அவருக்கு. மூலையிலிருந்து பந்து வந்தால் கூட்டத்தில் எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை எழும்பும். அடுத்த நொடி வலை ஆடும். வேறு யாரையோ பார்க்க வந்த வெளிநாட்டுக் கிளப் ஆள் இவரைக் கூட்டிக்கொண்டு போனான். மற்றவர்களுக்குத் தலையில் எழுதியிருக்கும், இவருக்குத் தலையே எழுதிக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள்.

இரண்டாம் டிவிஷனில் தூங்கிக்கொண்டிருந்த கிளப் அது. இவர் போன மூன்றாம் வருடம் முதல் டிவிஷனுக்கு ஏறியது. அதற்குப் பிறகு கோப்பையும் வந்தது. இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் இவர் தலையால் போட்டது. அதுவும் புருவம் கிழிந்து, கட்டுப் போட்டு, கட்டெல்லாம் ரத்தம் ஊறியபிறகு. அந்தப் படத்தை அந்த நாட்டுப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டு 'சுத்தியல்' என்று தலைப்புக் கொடுத்தன. மைதானமே இவர்மேல் பாட்டுக் கட்டிப் பாடியது. தெருவில் இறங்கினால் கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்களாம். டீச்சர் அந்த ரத்தக்கட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அவள் அங்கே போய்க் குடித்தனம் பண்ணவில்லை. போகக்கூடாது என்றெல்லாம் இல்லை. கல்யாணமான வருடமே மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, படுத்த படுக்கையானாள். பிறகு மகள் பிறந்தாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. "இன்னும் ஒரு வருஷம் டீச்சர், அப்புறம் ஒரேயடியா வந்துடறேன்" என்பார் ஒவ்வொரு விடுமுறையிலும். ஆட்டக்காலம் முடிந்ததும் வருவார். அடுத்த பயிற்சி தொடங்கும்போது கிளம்பிவிடுவார். அந்த ஒரு வருஷம் ரப்பர்போல நீண்டு நீண்டு, மகளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போதுதான் அறுந்தது. முழங்கால் தேய்ந்து, முன்நெற்றி முழுக்கத் தையல் தழும்போடு வந்து சேர்ந்தார். மாமியார் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

வந்தபின் பத்து வருடம் நன்றாகத்தான் ஓடியது. காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார், சாயங்காலம் டீச்சர் வரும்போது தெருமுனையில் வந்து நிற்பார். அவள் பையை வாங்கிக்கொள்வார். நாற்பதை எட்டும் வயதில் புதுக்கல்யாணம் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

விளையாட்டு விழா நடந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர், அவருக்குத் தொழிலே அதுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. பயிற்சி எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் பெருமையாகச் சொல்லக் கேட்டதை அவள் அப்படியே ஒப்பித்தாள். மழையில் ஊறிக் கல்லாகக் கனக்கும் பந்தை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுவார்கள். மற்றவர்கள் குளிக்கப் போனபிறகும் இவர் மட்டும் நின்று முட்டிக்கொண்டே இருப்பார். கண்ணில் பூச்சி பறந்தால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் முட்டுவார்.

"ஒவ்வொரு முட்டும் சின்னதுதான்" என்றார் டாக்டர். "ஆனா எறும்பு ஊரக் கல்லும் தேயும் இல்லையா? இது மூளை."

"சரியாயிடுமா?"

"மெதுவாப் போக வைக்கலாம். திருப்ப முடியாதும்மா."

"அந்த மொழி எதுக்கு வருது?"

"அவர் நம்ம மொழிய மறக்கல. எங்க இருக்கோம், எதிர்ல நிக்கிறது யாரு, அதுதான் மாறிப்போகுது. அங்க இருக்கறதா மனசு நெனச்சுட்டா நாக்கும் அங்க போயிடும்."

சேதி கேட்டு மகள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஓடிவந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, கூடத்துப் படத்தைக் கழற்றினாள். "இதப் பாத்து எல்லாரும் கைதட்டினோமேம்மா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஒரு வருடத்தில் காலை வேளை முழுக்க அவர் மனசால் அந்த நாட்டிலேயே இருக்க ஆரம்பித்தார். எழுந்ததும் சட்டையைப் பித்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வருவார். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலரும். அந்த மொழியில் ஏதேதோ சொல்வார், கேட்பார், சிரிப்பார். அங்கே இருந்த காலத்தில் போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், இப்போது மடை திறந்ததுபோலக் கொட்டினார். அவள் என்ன பதில் சொன்னாலும் விளங்காமல் விழித்தார். கடைசியில் முகம் வாடி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அந்தச் சிரிப்புதான் அவளை அறுத்தது. யாரிடம் அவ்வளவு குழைவாகப் பேசுகிறார்? அங்கே ஒருத்தி இருந்திருப்பாளோ? கட்டியவன் கண்காணாத தேசத்தில் இருந்த காலமெல்லாம் வராத சந்தேகம், அவர் கண்முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. தனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கோலிக்குப் போன் செய்தாள்.

கோலி அதே கிளப்பில் அவரோடு இருந்த மாற்று கோல்கீப்பர். கோல்கீப்பர் என்பதால் கோலி. இப்போது பார்ப்பவர்கள் உருண்டையாக இருப்பதால்தான் அந்தப் பேர் என்று நினைப்பார்கள். ஆடிய ஆட்டத்தைவிட அங்கே பெஞ்சைத் தேய்த்ததுதான் அதிகம் என்று தானே சொல்லிச் சிரிப்பான். ஊர் திரும்பி, மூன்று தெரு தள்ளி டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். அவளை அண்ணி என்று கூப்பிடுவான்.

மறுநாள் காலை வந்து மேஜையில் உட்கார்ந்தான். அவர் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. டீச்சரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். கோலி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"என்ன தம்பி?"

"வெந்நீர் வரலையாம் அண்ணி. மூணு நாளா சொல்றேன், ஆளக் கூப்பிடலையான்னு உங்களத்தான் கேக்கறான்."

"என்னையா? நான் யாராம்?"

"வீட்டம்மா. நாங்க ரெண்டு பேரும் மாடி ரூமுல வாடகைக்கு இருந்தோம்ல, அந்த வீட்டுக் கெழவி. நல்ல மனுஷி. எழுபது வயசு இருக்கும்."

"எழுபதா?" என்றாள் டீச்சர். "சக்களத்தி இருக்காளோன்னு பயந்தேன். கடைசியில நான்தான் கெழவியா? நல்லாருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், விவரம் தெரியாமலே. பிறகு சிரிப்பை நிறுத்தி, தாழ்ந்த குரலில் எதையோ கேட்டார். கோலி சட்டென்று மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"என்ன சொல்றாரு?"

"விடுங்க அண்ணி."

"தம்பி, நான் மூணாம் கிளாஸ் டீச்சர். மறைக்கிற மூஞ்சி எனக்குத் தெரியும். சொல்லுங்க."

கோலி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "வீட்டம்மா, என் மனைவி போன் செய்தாளா? மணி அடித்ததுபோல் இருந்தது. நான் படியிறங்கி வருவதற்குள் நின்றுவிட்டது."

அந்த வீட்டில் போன் கீழ்க்கூடத்தில் இருந்ததாம். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். அவர் வெள்ளிக்கிழமையிலிருந்தே படிக்கட்டில் உட்கார ஆரம்பித்துவிடுவாராம். "கோப்பை ஜெயிச்ச அன்னிக்கு ஊரே ரோட்டுல ஆடுது அண்ணி. இவனக் காணோம்னு தேடி வந்தேன். தலையில கட்டோட அந்தப் படியில உக்காந்திருக்கான். வாடான்னா, இருடா, டீச்சர் கூப்பிடுவாங்கறான். எல்லாரும் பாத்திருப்பாங்கல்ல, கட்டாயம் கூப்பிடுவாங்கறான்."

டீச்சருக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்று போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மேளதாளத்தோடு ஊர்வலம் போகும், பெரிய மனுஷர்களெல்லாம் சுற்றி நிற்பார்கள், அந்த நேரத்தில் நாம் போய் எதற்குத் தொந்தரவு என்று திரும்பிப் போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். அவளுக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது!

கோலி கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "தம்பி, எனக்குச் சொல்லிக் குடுங்க."

"என்னத்த?"

"அந்த மொழிய."

கோலி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அது வாயில நொழையாத பாஷை அண்ணி. எனக்கே மூணு வருஷம் ஆச்சு."

"பிள்ளைங்களுக்கு நான் அப்படிச் சொல்றதில்ல. இன்னிக்கு ரெண்டு வார்த்தை, நாளைக்கு ரெண்டு வார்த்தை."

இரண்டு இரண்டு வார்த்தையாகவே கற்றுக்கொண்டாள். உட்கார், சாப்பிடு, வெந்நீர் வந்துவிட்டது, குளிராக இருக்கிறதா, கால் வலிக்கிறதா. பள்ளிக்கு நடக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே போவாள். டீச்சர் ஏதோ மந்திரம் ஜபிக்கிறார்கள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டன. அந்த வார்த்தைகளைக் கேட்டதும் அவர் படிக்கட்டை விட்டு எழுந்து வந்தார். வயிறாரச் சாப்பிட்டார். வீட்டம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டார். கட்டிய புருஷனிடம் கிழவியாக நடிப்பதில்கூட ஒரு சுகம் இருந்தது அவளுக்கு. அந்தச் சுகத்தை நினைத்து அழவும் செய்தாள்.

ஒருநாள் காலை அவர் வழக்கம்போலக் கேட்டார். "வீட்டம்மா, என் மனைவி போன் செய்தாளா?"

இல்லை என்று சொல்லத்தான் கோலி கற்றுக்கொடுத்திருந்தான். அன்று அவளுக்கு அது வாயில் வரவில்லை.

"செய்தாள்" என்றாள்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாண மேடையில்கூடப் பார்த்ததில்லை. "என்ன சொன்னாள்?"

தெரிந்த வார்த்தைகளையெல்லாம் துழாவினாள். உட்கார், சாப்பிடு, குளிர். சோற்றுக்குக் கூப்பிடக் கற்ற சொல் ஒன்று கிடைத்தது.

"வா."

அவர் அந்தச் சொல்லையே தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு வேகமாகத் தன் அறைக்குப் போனார். இரண்டு சட்டையையும் ஒரு ஜோடி பழைய பூட்ஸையும் பையில் திணித்துக்கொண்டு வந்தார். அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வெளிக்கேட்டில் போய் நின்றுகொண்டு தெருவையே பார்த்தார், விமான நிலையத்துக்குக் கார் வரவேண்டும் என்று. வெயில் ஏற ஏற நின்றார். உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. கையைத் தொட்டால் உதறினார்.

வேறு வழி தெரியாமல் அவள் கோலியைக் கூப்பிட்டாள். அவன் டிரைவிங் ஸ்கூல் காரோடு வந்தான். கூரையில் பெரிய எல் போர்டு. அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னவோ சொன்னார். கோலி சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"ஓட்டக் கத்துக்கறவனையா அனுப்பியிருக்காங்கன்னு கேக்கறான் அண்ணி. ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே கொண்டாந்து எறக்கறேன். வேற என்ன பண்ண?"

கார் திரும்பி மறைந்ததும் டீச்சருக்கு என்னவோ தோன்றியது. உள்ளே ஓடினாள். முகம் கழுவினாள். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். தலையை வாரிப் பின்னினாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல் கண்ணாடியில் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள்.

புறவழிச் சாலை, ரயில் பாலம், மார்க்கெட் என்று கோலி ஊரை ஒரு வட்டம் அடித்தான். பாலம் வரைக்கும் அவர் அந்த மொழியில்தான் பேசினாராம், டிரைவரிடம் பேசுவதுபோல. பாலம் இறங்கியதும் பேச்சு நின்றது. கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். தெருவில் திரும்பும்போது தமிழில், "மெதுவாப் போப்பா, அங்க பள்ளம் இருக்கு" என்றாராம்.

கார் வாசலில் நின்றது. அவர் இறங்கினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார்.

"டீச்சர்" என்றார்.

அந்தக் குரலில் அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. "வாங்க" என்றாள்.

பக்கத்தில் வந்தார். அவள் காதோரத்து நரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "என்ன டீச்சர், இப்படி நரைச்சுப் போச்சு?" பையைக் கீழே வைத்தார். "ரொம்ப நாள் இருந்துட்டேனா அங்க?"

"இல்லங்க. கொஞ்ச நாள்தான்."

"அம்மா?"

"தூங்கறாங்க."

"இனிமே போக வேணாம்ல?"

"வேணாம்."

"நிஜமா?"

"நிஜமா."

கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவள் பரிமாற, பேசிக்கொண்டே சாப்பிட்டார். மாடி ரூமில் எவ்வளவு குளிர் என்று சொன்னார். போனில் ஒருநாளும் சொல்லாததெல்லாம் சொன்னார். பந்து முட்டியபிறகு காதுக்குள் வண்டு ரீங்காரம் போடும், அது தூங்கும்வரை நிற்காது என்றார். "சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல." அவள் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனார். அந்தத் தலையை, தழும்புகளை, அவள் தடவிக்கொண்டே இருந்தாள். கோலி வாசலில் காரின்மேல் சாய்ந்து நின்று, கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் எழுந்தவர் அவளைப் பார்த்துப் பதறி எழுந்து உட்கார்ந்தார். மரியாதையாகக் குனிந்தார். "மன்னியுங்கள் வீட்டம்மா" என்றார் அந்த மொழியில்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி நடந்தது. அவர் கேட்பார், வீட்டம்மா 'வா' என்ற சேதியைச் சொல்வாள், எல் போர்டு கார் வரும், டீச்சர் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பாள். சில நாள் ஒரு மணி நேரம் கிடைத்தது, சில நாள் கை கழுவுவதற்குள் நினைவு போய்விட்டது. "இன்னிக்கும் மண்டை வெளிநாட்டுலேர்ந்து வந்தாச்சா?" என்று தெருவில் கேட்டவர்களும் உண்டு. கேலியாகக் கேட்டவர்கள்கூட, கேட்டின் முன்னால் அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பதை ஒருமுறை பார்த்தபின் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் தடுக்கவில்லை. "அவருக்கு நல்லதும்மா. உங்களுக்குத் தாங்குமா?" என்று மட்டும் கேட்டார். அவள் தாங்கும் என்றாள். ஒவ்வொரு தடவையும் வரவேற்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் இழக்க வேண்டியிருந்தது. அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை வழியனுப்பி வைத்தவள், இப்போது வாரத்துக்கு மூன்று முறை அனுப்பினாள்.

மகள் லீவுக்கு வந்திருந்த சமயம் ஒருநாள் அப்படி வந்து இறங்கினார். அம்மாவுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்துத் தயங்கினார்.

"யாரு டீச்சர் இவங்க?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மகளே முந்திக்கொண்டாள். "பக்கத்து வீடுங்க. டீச்சர்கிட்ட டியூஷனுக்கு வந்தேன்."

"அப்படியா, நல்லாப் படிம்மா." உள்பக்கம் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பாப்பா தூங்கறாளா டீச்சர்?" பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மனசு விட்டுச் சொல்வதுபோல் மகளிடமே சொன்னார்: "எங்கிட்ட வரவே மாட்டாம்மா. பாத்தாலே அழுவா. நாலு நாள் தூக்கிவச்சுப் பழக்கறதுக்குள்ள கிளம்பற நாள் வந்துடும்."

"இந்தத் தடவ அழமாட்டா அங்கிள்" என்றாள் மகள். "நான் சொல்லி வைக்கறேன்."

"சொல்றியா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். மகள் தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே குழாயை முழுக்கத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது அவர் வெகுவாகத் தளர்ந்துவிட்டார். கரண்டி எதற்கு என்று மறந்தது. இரண்டு மொழியும் மெல்ல மெல்ல வற்றின. பல நாள் மனைவி போன் செய்தாளா என்றுகூடக் கேட்பதில்லை. கேட்காததுதான் டீச்சருக்கு அதைவிடக் கொடுமையாக இருந்தது.

அப்புறம் ஒரு காலை, யாரும் எதுவும் சொல்லாமலே, தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் போய் நின்றார். பையில் ஒன்றும் இல்லை. கோலி வந்து கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினான். டீச்சர் முகம் கழுவிப் புடவை மாற்றி வாசலில் நின்றாள். கார் ஊரைச் சுற்றிவிட்டு வந்தது. கோலி இறங்கிக் கதவைத் திறந்தான்.

அவர் இறங்கவில்லை. வீட்டைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். அவள் சிரித்தாள், "வாங்க" என்றாள், பிறகு அந்த மொழியிலும் "வா" என்றாள். அவர் கண் அவள்மேல் பட்டு, வழுக்கி, அப்பால் போயிற்று. கோலியிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு தம்பி?"

கோலி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னான். "இது இல்லியாம் அண்ணி. வண்டிய எடுன்னு சொல்றான்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு கேட்டைச் சாத்திவிட்டு வந்தாள். காரின் மறுபக்கக் கதவைத் திறந்து, பின்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை பயணத்தில் அவள் அந்தக் காரில் ஏறியது அதுதான் முதல் தடவை. வந்து சேர்கிறவரை வரவேற்க ஓர் ஆள் வாசலில் வேண்டுமே என்று எப்போதும் நின்றுகொண்டே இருந்தவள்.

"எடுங்க தம்பி" என்றாள்.

அதுவே கடைசிப் பயணமும் ஆயிற்று. அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தார், சளி நெஞ்சில் இறங்கியது, எழுந்திருக்கவில்லை. அவர் போன சேதி கேட்டு அந்த நாட்டு மைதானத்தில் ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்களாம். கோலி அதைத் தன் போனில் காட்டினான். டீச்சர் மரியாதைக்குப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு வைத்துக்கொள்ள அந்தக் கார் பயணம் இருந்தது.

அவள் ஏறிய அன்று கார் புறவழிச் சாலையில் ஓடியது. ஜன்னல் காற்று இதமாக இருந்தது. பாதி தூரம் போனதும் அவர் பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்த்தார். வீட்டம்மாவைப் பார்க்கும் பார்வையும் இல்லை, டீச்சரைப் பார்க்கும் பார்வையும் இல்லை. ஒரே வண்டியில் வந்துசேர்ந்த யாரோ ஒரு பெண்ணிடம் பேசுவதுபோல, அந்த மொழியில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"வீட்டுக்கு" என்றாள் அவள், அதே மொழியில்.

"நானும்தான்." தலையை ஆட்டிக்கொண்டார். "என் மனைவி காத்திருக்கிறாள்."

"நல்லவளா?"

அவர் யோசித்தார். வெகுநாளாக அவர் எதையும் அவ்வளவு கவனமாக யோசித்து அவள் பார்த்ததில்லை. "ஒரு வருடம் என்று சொன்னேன்" என்றார். "நம்பினாள். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் நம்பினாள்." குரல் தேய்ந்தது. "இந்தத் தடவை நம்பமாட்டாள்."

"நம்புவாள்" என்றாள் டீச்சர்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மெல்லச் சாய்ந்து, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் தோளில் தலையை வைத்துக்கொண்டார். கனத்த தலை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கோலி பாலத்தில் ஏறி இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல், மறுபடியும் பாலத்துக்கே காரைத் திருப்பினான்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

அந்தக் கேள்வி அவளுக்கு விளங்கியது. பதில் சொல்லும் அளவுக்கு இன்னும் அந்த மொழி வந்திருக்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கார் ஓடிக்கொண்டிருந்தது.